பிடித்த இடத்திலேயே

எங்கள் நாய்கள் இனக்கட்டுப்பாட்டு மையத்தின் பதிவேட்டில் நிரப்பவேண்டிய கட்டங்கள் பல. நாயின் நிறம், பாலினம், தோராயமான வயது, எடை, மயக்க மருந்தின் அளவு, அறுவை சிகிச்சை நடந்த நாள், ரேபிஸ் தடுப்பூசி விவரம் என்று அது நீளும். பணியில் சேர்ந்த புதிதில் இவற்றுள் எது முக்கியம் என்று யாராவது கேட்டிருந்தால், கால்நடை மருத்துவர் என்ற முறையில் மயக்க மருந்தின் அளவைத்தான் சொல்லியிருப்பேன். தமிழ்நாட்டு மாநகராட்சி ஒன்றில் பதினாறு ஆண்டுகள் இந்த வேலையைப் பார்த்தபின் இன்று கேட்டால், 'பிடித்த இடம்', 'விட்ட இடம்' என்ற இரண்டு கட்டங்களையே சொல்வேன்.

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2001இல் வந்த நாய்கள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும், அவற்றுக்குப் பதிலாக 2023 மார்ச் மாதம் வந்த புதிய விதிகளும் தெருநாய்களைப் பற்றிச் சொல்வதன் சாரம் ஒன்றுதான். தெருவில் திரியும் நாயைப் பிடித்து, கருத்தடை செய்து, ரேபிஸ் தடுப்பூசி போட்டு, புண் ஆறியபின் பிடித்த இடத்திலேயே திரும்ப விடவேண்டும். முன்பகுதியைப் பொதுமக்கள் எளிதில் ஏற்றுக்கொள்கிறார்கள். கடைசி நான்கு சொற்களைத்தான் அவர்களால் ஏற்க முடிவதில்லை. "நேற்றுத்தான் வண்டியில் ஏற்றினீர்கள், இன்று மறுபடியும் எங்கள் வாசலிலேயே கொண்டுவந்து விட்டால் எதற்காகப் பிடித்தீர்கள்?" என்று என்னிடம் கேட்காத வார்டு உறுப்பினர் இல்லை. கேள்வி நியாயமானது என்பதால், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலவே கேட்டு, பொறுமையாகப் பதில் சொல்வது என் வழக்கம்.

ஒரு தெருவில் எத்தனை நாய்கள் வாழ முடியும் என்பதை அந்தத் தெருவின் குப்பையும், இறைச்சிக்கடைக் கழிவும், மிச்சச் சோறு வைக்கும் வீடுகளும் தீர்மானிக்கின்றன. இருக்கும் நாய்களை அகற்றிவிட்டு அவற்றின் உணவை அப்படியே விட்டுவைத்தால், பக்கத்துத் தெருவிலிருந்து கருத்தடை ஆகாத, தடுப்பூசி போடாத நாய்கள் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நாய்க்குச் சினைக்காலம் ஏறத்தாழ இரண்டு மாதங்கள்தான். ஓர் ஈற்றுக்கு நான்கைந்து குட்டிகள் சாதாரணம். ஆகவே காலியான தெரு நெடுநாள் காலியாக இருப்பதில்லை. கருத்தடை ஆன நாய் தன் எல்லையைக் காத்துக்கொண்டு, குட்டி போடாமல், ரேபிஸ் பரப்பாமல் அங்கேயே வாழ்ந்து முடிப்பது அந்தத் தெருவுக்குப் பாதுகாப்பு. நாய்களில் பத்துக்கு ஏழேனும் தடுப்பூசி பெற்றிருந்தால் ரேபிஸ் நோயின் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு. ஊசி போட்ட நாயை வேறெங்கோ கொண்டுபோய் விட்டால், அந்தத் தெருவின் கணக்கிலிருந்து ஏழில் ஒன்றை நாமே கழித்துவிடுகிறோம்.

இவ்வளவும் படித்துத் தெரிந்துகொண்டது. அதன் பொருளை எனக்குப் புரியவைத்தது என் கையெழுத்தோடு நடந்த ஒரு பிழை. பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டின் மழைக்காலத்தில், கழுத்துப் பட்டைகளில் மையால் எழுதியிருந்த எண்கள் நனைந்து அழிந்துபோயின. பதிவேட்டைப் பார்த்து நிறத்தையும் பாலினத்தையும் கொண்டு ஊகித்து ஏழு நாய்களை வண்டியில் ஏற்றச் சொன்னேன். செந்நிறப் பெண் நாய்கள் இரண்டு இருந்தன. இரண்டையும் இடம் மாற்றி அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் மையத்தின் வாசலில் ஒரு மூதாட்டி வந்து நின்றார். பேருந்து நிலையத்தின் பின்புறம் இட்லிக் கடை வைத்திருப்பவர். "டாக்டரம்மா, எங்க செவலையை எங்கே விட்டீங்க? கடைக்கு வேற ஏதோ நாய் வந்து நிக்குது" என்றார். அதட்டவோ அழவோ இல்லை. பதிவேட்டில் எழுதியிருப்பதை நான் அவருக்குப் படித்துக் காட்டியபோதுதான், 'விட்ட இடம்' என்று நான் எழுதியிருந்தது உண்மை இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

அவருடைய செவலையை நாங்கள் விட்டிருந்தது இரண்டு கிலோமீட்டர் தள்ளி, நெடுஞ்சாலைக்கு அப்பால் இருந்த குடியிருப்பில். அங்கிருந்த நாய்கள் அதை உள்ளே சேர்க்காமல் கடித்துக் குதறியிருந்தன. அந்தச் சண்டைக்கு நடுவே சைக்கிளில் வந்த ஒரு சிறுவனுக்கும் கெண்டைக்காலில் கடி. சோப்பு போட்டுக் கால்மணி நேரம் ஓடும் நீரில் கழுவச் சொல்லி, அரசு மருத்துவமனைக்கு நானே அழைத்துச் சென்றேன். கடித்த நாய் எது என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் நாயே கடித்திருந்தாலும், அதற்குத் தடுப்பூசி போட்டுச் சில நாட்களே ஆகியிருந்ததால் அதை நம்பிச் சிறுவனின் ஊசியைத் தவிர்க்க முடியாது. முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என நான்கு தவணையும் முடியும்வரை அந்த வீட்டுக்குப் போய்வந்தேன். செவலை கிடைக்கவே இல்லை. நெடுஞ்சாலையைக் கடந்து தன் இடத்துக்குத் திரும்ப முயன்றிருக்கும் என்று எங்கள் பணியாளர்கள் சொன்னார்கள். அதன்பிறகு எங்கள் மையத்தில் எண் பொறித்த உலோகத் தகடு இல்லாமல் எந்த நாயும் கூண்டுக்குள் போனதில்லை.

அந்தப் பணியாளர்களில் மூத்தவர், நாய்களைக் கொல்வதற்காகவே பிடித்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். சென்னையில் ப்ளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பின் நெடுநாள் வற்புறுத்தலுக்குப் பின் 1996இல் மாநகராட்சி கொல்வதைக் கைவிட்டுக் கருத்தடைக்கு மாறத் தொடங்கியது. மற்ற ஊர்களுக்கு அந்த மாற்றம் மெதுவாகவே வந்துசேர்ந்தது. சுருக்குக் கம்பியோடு தெருவுக்குள் நுழைந்தால் வண்டிச் சத்தம் கேட்டே நாய்கள் ஓடி ஒளிந்த நாட்களை அவர் அதிகம் பேசமாட்டார். ஒருமுறை மட்டும், "அப்போ எங்க பிடிச்சோம்னு யாரும் எழுதச் சொல்லலைம்மா, எண்ணிக்கை மட்டும்தான்" என்றார். இன்று அவருக்கு எழுதப் படிக்கச் சிரமம் என்றாலும், எந்த மின்கம்பத்தடியில் எந்த நாயைப் பிடித்தார் என்பது மனப்பாடம். பாலூட்டும் மடியைத் தூரத்திலிருந்தே கண்டுகொண்டு, குட்டிகள் உள்ள தாயை விட்டுவிட்டு வருவார். விதிகளை எழுதியவர்கள் விரும்பியது அவருடைய கையில் இருக்கிறது என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

மாடுகளின் விஷயத்திலும் இடம்தான் சிக்கல், ஆனால் அங்கே இடம் இல்லாதவர் உரிமையாளர். நகர்ப்பகுதிகளில் விலங்குகளையும் பறவைகளையும் வளர்ப்பதை முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. சென்னையில் 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளிச் சிறுமி ஒருத்தியை மாடு முட்டித் தூக்கியபின், சாலையில் திரியும் மாட்டுக்கான அபராதம் 5,000 ரூபாயாகவும், அடுத்த ஆண்டு 10,000 ரூபாயாகவும் உயர்ந்தது. அந்தக் காட்சியைப் பார்த்த எவரும் அபராதம் கூடாது என்று சொல்லமாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் தொழுவம் கட்ட அடி நிலம் இல்லாமல், காலையில் பால் கறந்தபின் மாட்டை அவிழ்த்துவிட்டு, மாலையில் அது தானாக வீடு திரும்புவதை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அந்தத் தொகை என்ன என்பதும் எனக்குத் தெரியும். அப்படித் திரிந்த மாடு ஒன்றின் வயிற்றைக் கிழித்துப் பிளாஸ்டிக் பைகளைக் கை கையாக அள்ளி வெளியே போட்ட நாளில், அபராதம் கட்டிவிட்டுக் கூட்டிப்போன உரிமையாளர் மறுநாளும் அதை அதே சாலையில்தான் விடவேண்டியிருக்கும் என்பது மனத்தை அறுத்தது. மாடு வளர்க்கும் பகுதிகளில் பொதுத் தொழுவம் அமைத்துக் குறைந்த கட்டணத்துக்குக் கட்ட இடம் தருவது அபராதத்தோடு கூடவே நடக்கவேண்டிய வேலை.

2025ஆம் ஆண்டு எங்கள் பதிவேட்டின் அந்த இரண்டு கட்டங்களையும் நாடு முழுவதும் பேசியது. ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, தில்லிப் பகுதித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கவேண்டும், திரும்ப விடக்கூடாது என்றது. 22ஆம் தேதி மூவர் அமர்வு அதைத் திருத்தி, ரேபிஸ் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைச் சிகிச்சைக்குப்பின் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. உணவு வைக்கத் தனி இடங்கள் ஒதுக்கவும் சொன்னது. நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து பிடிக்கும் நாய்களை மீண்டும் அங்கே விடக்கூடாது என்று ஆணை வந்தது. பள்ளி மைதானத்தில் ஓடும் ஒரு குழந்தைக்கு ஒரு நாயைக் காட்டிலும் அந்த இடத்தில் உரிமை அதிகம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தச் சிறுவனின் கெண்டைக்காலை நான் மறக்கவில்லை. ஆனால் ஒரு நாயை அதன் ஆயுள் முழுவதும், பத்து ஆண்டுகளுக்கும் மேலாகக்கூட, நோய் தொற்றாமல், சண்டையில் சாகாமல் வைத்துக் காப்பதற்குக் கூண்டும் உணவும் ஆளும் மருத்துவரும் வேண்டும். எங்கள் மையம் அறுவை சிகிச்சைக்குப்பின் சில நாட்கள் தங்கவைப்பதற்காகக் கட்டப்பட்டது. நிலம் கேட்டு எழுதியிருக்கிறோம்.

சென்ற மாதம் ஒரு தொடக்கப்பள்ளிச் சத்துணவுக் கூடத்தின் பின்னாலிருந்து மூன்று நாய்களைப் பிடித்துவந்தோம். மூன்றுக்கும் அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது, புண் ஆறிவிட்டது, உலோகத் தகட்டு எண்கள் பதிவேட்டோடு சரியாகப் பொருந்துகின்றன. 'பிடித்த இடம்' என்ற கட்டத்தில் பள்ளியின் பெயரை நானே எழுதினேன். அடுத்த கட்டத்தில் இன்னும் எதுவும் எழுதவில்லை. காலையில் நான் வரும்போது கடைசிக் கூண்டிலிருந்து அவை மூன்றும் எழுந்து நிற்கின்றன.