பொத்தான் அளவு விருந்தாளி

கெட்டியாகக் கரைத்த சுண்ணாம்பை ஊசிக்குழலில் ஏற்றிக்கொண்டு என் கடல்நீர் மீன்தொட்டிக்கு முன்னால் நின்றேன். புதிதாகப் போட்ட உயிர்ப்பாறையின் (சிற்றுயிர்கள் ஒட்டி வாழும் கடல் பாறை) அடியில், நிழலான பக்கத்தில், பழுப்பாக இரண்டு முளைத்திருந்தன. ஐப்டேசியாதான் என்று முடிவு கட்டிவிட்டேன்; அதைக் கொல்லத்தான் சுண்ணாம்பு. களை போலப் பெருகும் அந்தக் கண்ணாடிக் கடற்சாமந்தியிடம் ஏற்கெனவே பட்டவன் நான். முன்பு ஒன்றைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். பாறையில் மிச்சமிருந்த அடிச்சதைத் துணுக்குகள் தனித்தனியே வளர்ந்து, இரண்டே மாதத்தில் பதினேழு ஆகிவிட்டன.

ஊசியை நீட்டினேன். முனை பட்டதும் இரண்டும் மூடிக்கொண்டன. மூடிய விதத்தைப் பார்த்துத்தான் கையை இழுத்துக்கொண்டேன். ஐப்டேசியா என்றால் விருட்டென்று பொந்துக்குள் போய்விடும். இவை நின்ற இடத்திலேயே சட்டைப் பொத்தான் போலக் குவிந்து நின்றன.

மறுநாள் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். நடுவில் தட்டையான வட்டம், அதன் விளிம்பில் மட்டும் குட்டையான உணர்கொம்புகள். எண்ணிப் பார்த்தால் ஒன்றையொட்டி ஒன்றாக இரண்டு வரிசை. ஐப்டேசியாவின் உணர்கொம்புகள் நீளமாக, நுனி கூராக, கண்ணாடி போலத் தெரியும். மஜானோ என்ற இன்னொரு கடற்சாமந்திக்கு நுனி பருத்திருக்கும். இங்கே இரண்டுமில்லை. இன்னொரு தடயமும் கிடைத்தது: இரண்டு பாலிப்களின் (இந்தக் குட்டி உடல்களுக்கு அதுதான் பெயர்) அடியையும் மெல்லிய சதைவிரிப்பு ஒன்று இணைத்திருந்தது. ஆக, டிக்கெட் இல்லாமல் வந்த பயணி ஒரு ஜோவாந்திட், கடற்சாமந்திக்கு உறவான உயிரி. அதில் பாலிதோவா என்ற வகை தன் சதைக்குள் மணலைப் பொதித்துக்கொள்ளும். தண்டு சொரசொரப்பாகத் தெரியும். இதன் தண்டு வழவழப்பாக இருந்ததால் ஜோவாந்தஸ் என்ற இன்னொரு வகை என்று வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் இனத்தின் பெயரைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. நிறத்தை வைத்துச் சொல்பவர்களை நான் நம்புவதுமில்லை. விளக்கை மாற்றினால் நிறமும் மாறுகிறது.

ஐந்து மாதத்தில் இரண்டு ஒன்பதாயின. பிரித்து நடலாம் என்று தோன்றியது.

கத்தியை எடுப்பதற்கு முன் ஒரு கண்டிப்பான வார்த்தை. இந்தக் குடும்பத்தில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. 1971இல் ஹவாய்த் தீவுகளைச் சேர்ந்த ஒரு பாலிதோவாவிலிருந்துதான் அதை முதலில் பிரித்தெடுத்தார்கள். எல்லா ஜோவாந்திட்டிலும் அது ஒரே அளவில் இருப்பதில்லை. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. அதனால் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் நான் தொடுவதில்லை. பாறையைக் கொதிக்க வைப்பது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. சூட்டுக்கு அந்த நஞ்சு அழிவதில்லை. ஆவியை மூச்சில் இழுத்து மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

முதல் முயற்சி சொதப்பல். தொட்டித் தண்ணீர் நிரம்பிய கிண்ணத்தில் பாறையை வைத்து, பாலிப்களுக்கு இடையே சதைவிரிப்பைப் பிளேடால் கீறி, மூன்றை உரித்தெடுத்தேன். சயனோஅக்ரிலேட் ஜெல் பசையை வைத்து ஒரு பீங்கான் வட்டில் அழுத்தினேன். காலையில் வட்டு இருந்தது, பாலிப் இல்லை. மூன்றும் பம்புக்குப் பின்னால் உருண்டு கிடந்தன. கோழை சுரக்கும் சதையில் பசை பிடிக்காது என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த முறை கட்டரால் பாறையிலேயே ஒரு சில்லை உடைத்து, பாலிப்களோடு சேர்த்தே எடுத்தேன். சில்லின் அடியை மட்டும் துணியால் ஒற்றி ஒட்டியதும் கல்லும் வட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. வெட்டிய கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டியில் திரும்ப ஊற்றாமல் கொட்டிவிட்டு, வடிகட்டியில் புது கரி போட்டேன். வட்டை வெளிச்சம் குறைந்த கீழ்மூலையில், நீரோட்டம் மிதமான இடத்தில் வைத்தேன்.

நான்கு நாள் எதுவும் திறக்கவில்லை. இரவில் டார்ச் அடித்து, ஜோவாந்திட் தின்னும் நத்தை ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினேன், இல்லை. ஐந்தாம் நாள் ஒன்று மட்டும், அதுவும் ஒரு பக்கமாக, தூக்கம் கலையாத கண் போலத் திறந்தது. இப்போது வட்டின் ஓரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு குட்டி எட்டிப் பார்க்கிறது. இன்னும் நிறம் ஏறவில்லை.

நேற்று எதிர் மூலையில் பழுப்பாக வேறொன்றைப் பார்த்தேன். குச்சியால் தொட்டதும் விருட்டென்று பொந்துக்குள் போய்விட்டது. சுண்ணாம்பு கரைக்க வேண்டும்.