நடுங்கியது கியர்பாக்ஸ்தானா?

எங்கள் வீட்டில் ஓடுவது 2002-ஆம் ஆண்டு மாடல், நான்கு கியர் கொண்ட ஆட்டோமேட்டிக் கார். போன ஐப்பசியில், தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துச் சென்றபோது, வரிசையாகச் சிறு வேகத்தடைகள் மேல் ஏறி இறங்குவதுபோல் வண்டி அதிரத் தொடங்கியது. பட்டறையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும், 90,000 ரூபாய் வரை ஆகும் என்றார்கள். இன்று அந்த வண்டியை விற்றாலே ஏறக்குறைய அவ்வளவுதான் கிடைக்கும். பழுது கியர்பாக்ஸுக்குள்தான் இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் அதைப் பிரிக்கக் கூடாது என முடிவு செய்து, வண்டியை வீட்டுக்கே ஓட்டி வந்துவிட்டேன்.

முதலில் கியர் ஆயிலைப் பார்த்தேன். பெரும்பாலான மாடல்களில் வண்டியை நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடியே எல்லா கியருக்கும் ஒருமுறை மாற்றி, மீண்டும் 'பி' என்ற பார்க்கிங் நிலைக்குக் கொண்டுவந்து, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். சில நிறுவனங்கள் என்ஜினை அணைத்த பிறகு பார்க்கச் சொல்வதால், வண்டியின் கையேட்டைப் படித்துவிடுவது நல்லது. வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டேன். மாதுளைச் சாறுபோல் இருக்க வேண்டியது பழுப்பேறியிருந்தது. ஆனால், கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் கருகினால் வரும் தீய்ந்த வாடை இல்லை, விரலில் தேய்த்தபோது நறநறப்பும் இல்லை. ரோஸ்மில்க் நிறத்தில் இருந்திருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும், கியர் ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் உடைந்து தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். அதன்பின் வண்டியை ஓட்டவே கூடாது.

அதிர்வு அந்த வேகத்தில் மட்டும் வந்ததால், சந்தேகம், என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் மீது விழுவது இயல்பு. சாதாரண நிலையில் என்ஜினின் சுழற்சியை கியர்பாக்ஸுக்குக் கடத்துவது கன்வெர்ட்டருக்குள் இருக்கும் அதே கியர் எண்ணெய்தான். சீரான வேகத்துக்கு வந்ததும் இந்தக் கிளட்ச் இரண்டையும் நேரடியாகப் பிணைத்துவிடும். எண்ணெய் கெட்டாலோ, கிளட்ச் தேய்ந்தாலோ, அந்தப் பிணைப்பு வழுக்கிப் பிடித்து, வழுக்கிப் பிடித்து நடுங்கும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. பின்னால் வண்டி வராத சாலையில், ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பிரேக்கைத் தொட்டால், லாக்-அப் விடுபடும். அப்படிச் செய்தேன். என்ஜின் சுழற்சியைக் காட்டும் ஆர்.பி.எம். முள் 200 அளவுக்கு ஏறியது, அதிர்வு நின்றது.

பலரும் இந்த இடத்தில்தான், பழுது லாக்-அப் கிளட்சில் என்று தீர்ப்பை எழுதிவிடுகிறார்கள். லாக்-அப் பிணைந்திருக்கும்போது என்ஜின் குறைந்த வேகத்தில் அதிகப் பாரத்தை இழுக்கிறது. ஒரு சிலிண்டரில் பொறி சரியாக விழாமல் திணறினாலும், அந்தத் திணறல் தடுப்பே இல்லாமல் நேராக உடம்பில் உறைக்கும். லாக்-அப் விடுபட்டால் இடையில் இருக்கும் எண்ணெய் அதை மெத்தைபோல் விழுங்கிவிடும். ஆகவே, இந்தச் சோதனை இரண்டு பழுதுக்கும் ஒரே விடையைத்தான் தரும். என் வண்டியின் அதிர்வோ சீராக இல்லாமல், இரண்டு முறை வெட்டி, ஒருமுறை நிதானித்து, மறுபடி வெட்டியது. மழை பெய்த நாட்களில் கூடுதலாக வந்தது. மூடிய பெட்டிக்குள் சுழலும் கிளட்சுக்கு மழை தெரியாது.

அன்றிரவு தெருவிளக்கு எட்டாத மூலையில் வண்டியை நிறுத்தி, பேனட்டைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டு, சற்றுத் தள்ளி நின்று, பூச்செடிக்குத் தெளிக்கும் குப்பியால் பொறி உண்டாக்கும் பிளக்குகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஒயர்கள் மீது மென்மையாகத் தண்ணீர் தெளித்தேன். மூன்றாவது சிலிண்டருக்குச் செல்லும் ஒயர் வளையும் இடத்தில், நூலளவு நீலப் பொறி இரும்பை நோக்கித் தாவித் தாவி அணைந்தது. கையால் தொட்டால் கடுமையாக ஷாக் அடிக்கும் என்பதால் எதையும் தொடாமல் என்ஜினை அணைத்தேன். மறுநாள் ஒயர்களையும் பிளக்குகளையும் மாற்றியதும், ஜி.எஸ்.டி. சாலையில் அந்த நடுக்கம் அடியோடு போய்விட்டது.

கியர்பாக்ஸ் முழுக்க நிரபராதி என்று சொல்ல மாட்டேன். காலைக் குளிரில் 'பி'யிலிருந்து ரிவர்ஸுக்குப் போட்டால், இரண்டு நொடி கழித்துத்தான் வண்டி அசைந்தது. என்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டைப் பார்த்தோம்; மனைவி ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்திப் பிடித்தபடி கியர் மாற்ற, நான் பக்கவாட்டில் நின்று கவனித்தேன். என்ஜின் எகிறவில்லை. வண்டியை அசையவிடாமல் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும் ஸ்டால் சோதனையை நான் செய்யவில்லை. ஐந்து நொடியைத் தாண்டினாலே எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடேறி, பழைய கிளட்ச் தட்டுகள் அத்தோடு முடிந்துவிடலாம்.

கியர்பாக்ஸின் அடியில் எண்ணெய் தேங்கும் தட்டான சம்ப்பைக் கழற்றியபோது, அதன் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு மட்டுமே ஒட்டியிருந்தது. உலோகச் சீவல் ஒன்றுகூட இல்லை. ஒருமுறை வடித்தால் பாதி எண்ணெய்கூட வெளியே வராது, மீதி கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். அதனால், கையேட்டில் குறிப்பிட்ட அதே ரக எண்ணெயை, இடையிடையே ஓட்டி, மூன்று தவணையாக மாற்றினேன். இப்போது ரிவர்ஸ் ஒரு நொடியில் விழுகிறது. அந்த ஒரு நொடி கூடுகிறதா என்று தினமும் காலையில் மனத்துக்குள் எண்ணிக்கொண்டுதான் வண்டியை வெளியே எடுக்கிறேன்.