மலையகம் போய் வந்த பிள்ளைகள் எழுதித் தந்த தாள்கள்

வெளிநாட்டு ஊழியப் பயணம் போய் வந்த பிள்ளைகளை அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆலயத்தில் முன்னே அழைத்துச் சாட்சி சொல்லவைப்பது திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் வெகுநாள் வழக்கம். எங்கள் சேகரத்து வாலிபர் ஐக்கியத்திலிருந்து 15 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகள் கோடை விடுமுறையில் இலங்கை மலையகத்துக்குப் போய்த் திரும்பியபோது, அந்தச் சாட்சியைச் சில மாதங்கள் தள்ளிவைக்கலாம் என்று எங்கள் போதகரான ஐயரவர்களிடம் கேட்டுக்கொண்டேன். அவரும் மனமுவந்து சம்மதித்தார். அதற்குப் பதிலாகப் பிள்ளைகள் ஊர் திரும்பியதும் ஒரு தாளிலும், பள்ளியும் கல்லூரியும் திறந்து ஐப்பசி மழை தொடங்கிய பிறகு இன்னொரு தாளிலும் தங்கள் மனதில் நின்றதை எழுதித் தந்தார்கள். அவர்களுடைய அனுமதியோடு, பெயர்களை விட்டுவிட்டு, அந்தத் தாள்களைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

எங்கே போவது என்ற பேச்சு எழுந்தபோது நேபாளம் என்றும் கம்போடியா என்றும் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். நான் மலையகத்தை வற்புறுத்தியதற்கு மொழி மட்டும் காரணம் அல்ல. 1854இல் சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷனெரி சங்கம் கண்டிப் பகுதிக் காப்பித் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களிடையே ஊழியத்தைத் தொடங்கியபோது, அங்கே அனுப்பப்பட்ட உபதேசிமார் திருநெல்வேலிச் சபைகளிலிருந்து போனவர்கள். காப்பியை இலைநோய் அழித்து அதே மலைகளில் தேயிலை வந்த பிறகும், நம் பக்கத்துச் சனங்கள் அங்கேயே வேரூன்றினார்கள். இன்னொரு கடனும் நமக்கு உண்டு. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902இல் யாழ்ப்பாணம் போயிருந்தபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் கைக்காசைக் கொண்டே மிஷனெரிகளை அனுப்பி வருவதைக் கண்டார். அந்த ஏவுதல்தான் மறு ஆண்டு, 1903 பிப்ரவரியில், திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கமாக உருவெடுத்தது. ஆகவே இலங்கைக்கு எதையோ கொடுக்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு எந்தப் பிள்ளையும் புறப்படக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன்.

ஹட்டன் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்களை ஏற்றுக்கொண்ட போதகர் முதல் நாளே சில நிபந்தனைகளைச் சொன்னார். விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் இந்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய தாய் தகப்பனுக்குத் தெரியாமல் எந்த ஜெபமும் செய்விக்கக் கூடாது. இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் யார் என்று கைகளை உயர்த்தச் சொல்லி எண்ணிக்கை எடுக்கக் கூடாது. பிள்ளைகளின் படங்களை வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. எங்கள் பிள்ளைகளில் ஒருவனுக்கு இது அப்போது பெரிய ஏமாற்றமாக இருந்தது. சுவிசேஷம் சொல்ல வந்துவிட்டு வாயைக் கட்டிக்கொள்வதா என்று என்னிடம் கேட்டான். நான் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. போதகரிடமே கேட்கச் சொன்னேன். அவர் அவனைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் வரைக்கும் கூட்டிக்கொண்டு நடந்து, அந்தக் கோயில் நிர்வாகிகளில் ஒருவரை அறிமுகம் செய்துவைத்துவிட்டு, "நீங்க அடுத்த வாரம் போயிருவீங்க தம்பி. நான் இவரோட இங்கதான் இருக்கணும்" என்றார். இரண்டாவது தாளில் அந்தப் பையன் வேறு எதையும் எழுதவில்லை. அந்த நடையையும் அந்த ஒரு பேச்சையும்தான் எழுதியிருந்தான்.

முதல் தாள்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம் சற்றே மாறி மாறி வந்திருந்தது: அவர்களிடம் ஒன்றுமே இல்லை, ஆனாலும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள், நமக்குக் கிடைத்த வசதிகளுக்காகக் கர்த்தருக்கு நன்றி செலுத்த வேண்டும். இதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைகள் கண்ட சிரிப்பு உண்மையானது, அவர்களுடைய நன்றியும் உண்மையானது. ஆனால் வந்த விருந்தாளிக்கு முன்னால் எந்த வீட்டில்தான் சிரிக்கமாட்டார்கள்? மற்றவருடைய இல்லாமை நம்முடைய நன்றியறிதலுக்கு ஒரு பாடமாக மட்டும் ஆகிவிடுமானால், நாம் அவர்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோமே தவிர, அறிந்துகொண்டு வரவில்லை. பயணம் முடிந்த சூட்டிலேயே சாட்சி சொல்லவைத்தால் இந்த வாக்கியம்தான் ஆலயத்தில் ஒலிக்கும். சபையார் "ஆமென்" சொல்வார்கள். அதோடு அந்தப் பிள்ளையின் மனதில் அதுவே முடிவான கருத்தாக உறைந்துவிடும். எனக்கு இருந்த பயம் அதுதான்.

பிளஸ் டூ எழுதிவிட்டு வந்த ஒரு மகளின் இரு தாள்களையும் நான் பல தடவை வாசித்தேன். ஒரு நாள் காலையில் அவள் தான் தங்கியிருந்த வீட்டு அம்மாவோடு மலைக்குப் போக அனுமதி வாங்கினாள். அந்த அம்மா இடுப்பில் படங்கு என்ற தடித்த விரிப்பைச் சுற்றிக் கட்டி, அட்டை ஏறாமல் இருக்க இவளுடைய காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டு, நெற்றிக்கு மேலே கயிறு படும்படி கூடையை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு தேயிலைச் செடி நிரைக்குள் இறங்கினார். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் கிள்ளித் தலைக்கு மேலாகப் பின்னே எறிந்துகொண்டே போன வேகத்தைப் பற்றி முதல் தாளில் வியந்து எழுதியிருந்தாள். இரண்டாவது தாளில் வியப்பு இல்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில், ஈரத்துக்கும் சாக்குக்குமென்று எடையில் சில கிலோவைக் கழித்து எழுதியதைப் பார்த்ததாகவும், அந்த அம்மா ஒன்றும் பேசாமல் மறுபடி மலையேறியதாகவும், அது தனக்கு அன்றைக்குப் புரியவில்லை என்றும் எழுதியிருந்தாள். ஊருக்கு வந்த பிறகு அவளாகவே தேடி வாசித்திருக்கிறாள்: 1,000 இலங்கை ரூபாய் நாட்சம்பளம் என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2021இல்தான் நிறைவேறியது என்பதையும், 2024இல் அது 1,350 ஆக உயர்ந்தது என்பதையும், நிர்ணயித்த கிலோ குறைந்தால் பல தோட்டங்களில் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும் என்பதையும். "அவங்க சந்தோஷமா இருக்காங்கன்னு எழுதிட்டேன் சார், அந்தத் தாளைக் குடுங்க, கிழிச்சுப் போடுறேன்" என்று என்னிடம் வந்து நின்றாள். நான் கொடுக்கவில்லை. இரண்டும் அவள் எழுதியவைதான். இரண்டையும் அவள் வைத்துக்கொள்ள வேண்டும்.

கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கும் இன்னொருத்தி, தனக்குத் தோழியான பெண்ணுக்கு ஆங்கில இலக்கணப் புத்தகங்கள் அனுப்ப நினைத்து முகவரி கேட்டிருக்கிறாள். வீட்டு இலக்கம் என்று ஒன்று இல்லை. தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் எழுதி அனுப்பினால் தோட்டத்து அலுவலகத்துக்கு வரும், அங்கிருந்து எப்போதாவது கைக்குக் கிடைக்கும் என்று பதில் வந்தது. ஏன் இப்படி என்ற அவளுடைய கேள்வி நீண்டு, அந்த லயன் வீடும் அது நிற்கும் மண்ணும் அங்கே நான்கைந்து தலைமுறையாக வாழ்கிறவர்களுக்குச் சொந்தமில்லை என்ற இடத்தில் போய் நின்றது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற கணக்கில் வரிசையாகக் கட்டிய அறைகள் அவை. வேலையை விட்டால் வீடும் போய்விடும் என்ற பயத்திலேயே பலர் மலையேறுகிறார்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு போட்டது. எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. தோழியின் பாட்டி தன் சொந்தத் தங்கையைக் கோச்சியில் (ரயிலில்) ஏற்றி விட்டதையும், தலைமன்னாரில் கப்பல் ஏறிய தங்கை கோத்தகிரியிலிருந்து ஓரிரு கடிதம் போட்டதோடு தொடர்பு அற்றுப்போனதையும் எங்கள் பிள்ளைக்குச் சொல்லி அழுதிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் இதில் ஒரு வரியைக்கூட நாங்கள் படித்ததில்லையே என்று அவள் கோபப்பட்டாள். அந்தக் கோபத்தை நான் பயணத்தின் பலன்களில் ஒன்றாகவே எண்ணுகிறேன்.

செலவைப் பற்றி எழுதியவன் பத்தாம் வகுப்புப் படிக்கும் தம்பி. எங்கள் எல்லோருடைய விமானக் கட்டணத்தையும் கூட்டி அப்படியே அந்தச் சபைக்கு அனுப்பியிருந்தால், அங்குள்ள பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்த ஒரு ஆசிரியரை அமர்த்தியிருக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். சபைக் கமிட்டியிலும் இதே பேச்சு பயணத்துக்கு முன்பே எழுந்தது. இது நேர்மையான கேள்வி என்பதால் இதை நான் அடக்கப் பார்க்கவில்லை. ஆனால் அதே பையன் அடுத்த பத்தியில், தான் தங்கியிருந்த வீட்டில் ஒரு ராத்திரி ரொட்டிக்கும் சம்பலுக்கும் பதிலாகக் கோழிக்கறி வைத்ததையும், அந்தக் கோழி சம்பள நாளுக்கு முன்பு கடையில் கணக்கெழுதி வாங்கியது என்பதை அந்த வீட்டுப் பையன் விளையாட்டுப் பேச்சில் உளறிவிட்டதையும் எழுதியிருந்தான். "அந்தக் கடனை நான் எப்படித் திருப்பிக் கொடுப்பேன்?" என்று கேட்டிருந்தான். பணத்தை மட்டும் அனுப்பியிருந்தால் இந்தக் கேள்வி அவனுக்கு வந்தே இருக்காது. அனுப்புகிறவன் என்றைக்கும் அனுப்புகிறவனாகவே இருந்துவிடுவான். கடன்பட்டவன் என்று தன்னை உணர ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாக வேண்டும். மாலை வகுப்பு ஆசிரியர் யோசனையையும் கமிட்டி எடுத்துக்கொண்டது என்பதை இங்கே மகிழ்ச்சியோடு சொல்கிறேன். அதற்கு ஆகும் தொகை வேறு, பயணத் தொகை வேறு. ஒன்றுக்காக மற்றதை விடத் தேவையில்லை.

ஒரே ஒரு பிள்ளை இரண்டாவது தாளில் நான்கைந்து வரிதான் எழுதியிருந்தான். அங்கே இருந்த நாட்களில் தன்னால் ஜெபிக்க முடியவில்லை, இப்போதும் முன்போல முடியவில்லை என்பதே சாரம். சாட்சி ஞாயிறு என்று ஒன்று இருந்திருந்தால் இவன் என்ன சொல்லியிருப்பான் என்று நினைத்துப் பார்க்கிறேன். எல்லோரும் சொன்னதையே தானும் சொல்லிவிட்டு, இந்த உண்மையை உள்ளே போட்டுப் பூட்டியிருப்பான். அவனோடு நான் எதையும் விவாதிக்கவில்லை. வாரந்தோறும் மாலையில் வாய்க்கால் கரைப் பக்கம் சேர்ந்து நடக்கிறோம். சங்கீதங்களில் முறையிடும் சங்கீதங்களை ஒவ்வொன்றாக வாசித்து வருகிறோம். அதற்கு மேல் இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தாள்கள் வந்து சேர்ந்த பிறகு ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டி, 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் அசரியா பேசியதைப் பற்றிச் சொன்னேன். ஐரோப்பாவின், அமெரிக்காவின் பெரிய மிஷன் தலைவர்கள் நிறைந்திருந்த சபையில், முப்பத்தாறு வயதைத் தாண்டாத அந்தத் தென்னாட்டு மனிதர், ஒன்றாம் கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்தை மனதில் வைத்து, நீங்கள் உங்கள் பொருளையெல்லாம் தந்தீர்கள், சரீரத்தையும் தந்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். இரண்டாண்டுக்குப் பிறகு, 1912இல், அவரே தோர்ணக்கல் அத்தியட்சராகி, இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயரானார். அன்றைக்கு அவர் கேட்டது வெள்ளைக்கார மிஷனெரிகளிடம். இன்றைக்கு விமானம் ஏறிப் போகிறவர்கள் நாம். கேள்வி நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பிள்ளைகள் நான் விளக்காமலே பிடித்துக்கொண்டார்கள். போன இடத்தில் நமக்கு நண்பர்கள் இருக்கிறார்களா, இல்லை நாம் பாட்டுச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் மட்டும்தான் இருக்கிறார்களா என்று ஒருத்தி கேட்டாள். அங்குள்ள வாலிபர்களின் முழுப் பெயர், அவர்கள் என்ன படிக்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள், எங்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதையெல்லாம் எத்தனை பேரால் சொல்ல முடியும் என்று பார்த்தோம். சிலரால் முடிந்தது. பலரால் முடியவில்லை. முடியாதவர்கள் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் பேசத் தொடங்கினார்கள்.

அப்படிப் பேசியதில்தான் இப்போதைய ஏற்பாடு பிறந்தது. சபையார் எல்லோரும் சேர்ந்து உண்ணும் அடுத்த அசன பண்டிகைக்கு அந்தத் தோட்டத்து வாலிபர்களை இங்கே அழைப்பது, அவர்கள் எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் தங்குவது, வாலிபர் கூட்டத்தில் அவர்களே வேதபாடம் நடத்துவது என்று முடிவாகியிருக்கிறது. எளிதாக நடக்கக்கூடிய காரியம் அல்ல. அவர்களில் பலரிடம் கடவுச்சீட்டு இல்லை. அதை எடுக்கக் கொழும்புக்கோ வேறு நகரத்துக்கோ போய்வர வேண்டுமென்றால், உடன் போகும் தாய்க்கோ தகப்பனுக்கோ அன்றைய பேர் (நாட்சம்பளம்) போய்விடும். விசாவுக்கு எங்கள் தரப்பிலிருந்து அழைப்புக் கடிதமும் தங்குமிட உறுதியும் தர வேண்டும். அதை ஐயரவர்கள் எழுதிவிட்டார். பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீடுகளுக்காக, இரண்டு தாய்மாரையும் சேர்த்து அழைத்திருக்கிறோம். அவர்களில் ஒருவர் நம் பிளஸ் டூ மகளை மலைக்குக் கூட்டிப்போன அதே அம்மா. கோத்தகிரிப் பக்கம் தொலைந்துபோன அந்தத் தங்கையின் குடும்பத்தை விசாரிக்கவும் நீலகிரியில் உள்ள சபைகளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். செலவுக்காக நம் பிள்ளைகள் மாதந்தோறும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வருகிறார்கள். பத்தாம் வகுப்புத் தம்பிதான் பொருளாளர், ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கமாட்டான்.