கேஸ் நோட்ஸில் வராத பக்கம்

மருத்துவ மாணவர்களுக்கு இலக்கியம் எதற்கு என்று இங்கே யாரும் முகத்துக்கு நேரே கேட்பதில்லை, சிங்கப்பூர் மரியாதை. "தேர்வுக்கு வருமா?" என்றுதான் கேட்பார்கள். வராது என்றதும் பின்வரிசையில் பாதிப் பேர் மடிக்கணினியில் ஃபார்மகாலஜி படிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அவர்கள் தலையில் இருக்கும் சுமைக்கு நான் என்ன கோபப்படுவது?

கதை படித்தால் மனம் இளகும், இளகினால் நல்ல டாக்டராவார்கள் என்று சொல்லித்தான் இந்த மாதிரி வகுப்புகளுக்கு அனுமதி வாங்குகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஃபிலடெல்ஃபியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் ஹோஜாத் குழுவினர் 2009ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களின் பரிவு கணிசமாகச் சரிந்தது மூன்றாம் ஆண்டில், அதாவது புத்தகத்தை விட்டு நோயாளிகளிடம் போகிற ஆண்டில். மாணவர்களே தங்களைப் பற்றி நிரப்புகிற 20 கேள்விப் படிவம் அது, எவ்வளவு நம்பலாம் என்பது வேறு கதை. ஆனாலும் பிள்ளைகள் வரும்போதே கல்நெஞ்சோடு வரவில்லை என்பது புரிகிறது, வார்டின் வேகம்தான் ஏதோ செய்கிறது.

அதனால் நான் பெரும்பாலும் ரீட்டா ஷரான் வழியைத்தான் பிடித்துக்கொள்கிறேன். கொலம்பியா பல்கலைக்கழக டாக்டர், ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டமும் வாங்கியவர். நோயாளியைப் பற்றிக் கேஸ் நோட்ஸில், அதாவது மருத்துவமனைப் பதிவில், எழுத முடியாததை, ஆனால் எங்காவது எழுதியே ஆகவேண்டியதை, தனியாகச் சாதாரண மொழியில் எழுதச் சொல்வது அவர் முறை.

அப்படி ஒரு பையன் எழுதியது (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்): சர்க்கரை நோயாளியான ஒரு தமிழ்ப் பாட்டிக்கு ராத்திரியானால் சர்க்கரை இறங்கிக்கொண்டே இருக்கிறது, டாக்டர்களும் இன்சுலின் அளவை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். சாப்பாட்டுத் தட்டு தினமும் காலியாகத் திரும்புவதால், நன்றாகச் சாப்பிடுகிறார் என்றே பதிவாகியிருக்கிறது. இவன் தன் தடுமாற்றத் தமிழில் அவரிடம் பேசி முடிக்கவே பார்வையாளர் நேரம் வந்துவிட்டது. துவாஸ் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து நேராக வந்த மகனிடம் பாட்டி தட்டை நகர்த்தி, "நீ சாப்பிடுய்யா" என்றிருக்கிறார். கோழித் துண்டைத் தொடவே இல்லை, சோற்றில் ஒரு ஓரம் மட்டும் கலைந்திருந்தது என்று எழுதியிருந்தான்.

இதை வார்டில் யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டேன். "இல்லை சார், இது மெடிக்கல் விஷயம் இல்லையே" என்றான். இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்? உடனே போய்த் தாதியிடம் சொல்லச் சொன்னேன். அப்புறம் மகன், இனி சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன் என்று சத்தியம் செய்தாராம். பாட்டி நம்பவில்லையாம்.

அவனுக்குப் பரிவு கூடியதா என்று படிவம் கொடுத்து அளந்தால் ஒன்றும் தெரியப்போவதில்லை. அவன் உட்கார்ந்தான், அதனால் பார்த்தான், எழுதவேண்டும் என்பதால் அந்தச் சோற்று ஓரம் வரைக்கும் ஞாபகம் வைத்துக்கொண்டான். என் வகுப்பால் ஆகக்கூடியது அவ்வளவுதான், அது சின்ன விஷயமும் இல்லை.

இந்தப் பக்கங்களுக்கு மதிப்பெண் போடு என்று மேலிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. போட்டால் அடுத்த வாரமே எல்லா நோயாளிகளும் மாணவர் கையைப் பிடித்துக் கண்கலங்குவார்கள், இந்தப் பிள்ளைகள் பரீட்சை எழுதுவதில் சூரர்கள். மதிப்பெண்ணுக்குப் பதிலாக, வார்டு வேலை நேரத்திலேயே அரை மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள் என்று கேட்டிருந்தேன். தந்தார்கள், மதியச் சாப்பாட்டு நேரத்தில்.