வரத்து

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் மாலை வார்டுக்குப் போய், நோயாளியின் உயரத்தையும் எடையையும் நானே ஒருமுறை அளந்துவிடுவேன். கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும், ஆனாலும் அளப்பேன். மறுநாள் அவருடைய இதயம் நிற்கும் நேரம் முழுவதும் உடம்புக்கு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ரத்தம் தர வேண்டும் என்ற கணக்கு அந்த இரண்டு எண்களிலிருந்துதான் தொடங்குகிறது. என் வேலைக்குப் பெயர் பெர்ஃப்யூஷனிஸ்ட். இதய நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவன். அரங்கில் எல்லோரும் அதைச் சுருக்கமாக ‘பம்ப்’ என்பார்கள்.

இந்தப் பணிக்கு வந்த இரண்டாம் ஆண்டில் அந்த அம்மாவைப் பார்த்தேன். உயரம் 148 சென்டிமீட்டர், எடை 38 கிலோ. உடற்பரப்பு ஒன்றேகால் சதுர மீட்டர், ஒரு சதுர மீட்டருக்கு 2.4 லிட்டர் வீதம் நிமிடத்துக்கு 3 லிட்டர் என்று குறித்துக்கொண்டேன். இரண்டு தலையணைகளை முதுகுக்குப் பின்னால் அடுக்கி, கட்டிலில் உட்கார்ந்தபடியே இருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது, ஒன்றரை வருடமாக உட்கார்ந்துதான் தூங்குகிறேன் என்றார். நான் கிளம்பும்போது கேட்டார்: “நிறுத்திய இதயம் திரும்பவும் ஓடுமா, தம்பி?”

ஓடும் அம்மா என்றேன். அவ்வளவுதான் சொல்லத் தெரிந்தது.

சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ஒரு காய்ச்சல், மூட்டுகளை விட்டுவிட்டு இதய வால்வைப் பிடித்துக்கொள்வது உண்டு. அவருக்கு நடந்ததும் அதுதான். இதயத்தின் மேல் அறையான இடது ஆரிக்கிளுக்கும் கீழ் அறையான இடது வென்ட்ரிக்கிளுக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வு இயல்பாக 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கும். அவருக்கு ஒரு சதுர சென்டிமீட்டர்கூடத் திறக்கவில்லை. நான் ஏரிப் பாசன ஊரில் பிறந்தவன். எனக்கு இது உடனே புரிந்தது. மடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் பின்னோக்கித் தேங்கும். ஆரிக்கிள் வீங்குகிறது, அதற்கும் பின்னால் நுரையீரலில் ரத்தம் தேங்குகிறது. படுத்தால் கால்களில் இருக்கும் ரத்தமும் மேலே வந்து சேர்கிறது. உட்கார்ந்து தூங்குவது அவர் உடம்பு தானாகக் கண்டுபிடித்த வைத்தியம்.

மறுநாள் காலை, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் மருந்தைக் கொடுத்து, உறையும் நேரம் 480 விநாடிகளைத் தாண்டியதை உறுதிசெய்த பிறகு பம்ப் ஓடத் தொடங்கியது. என் முன்னால் இரண்டு குழாய்கள். அரை அங்குலக் குழாயில் உடம்பிலிருந்து வரும் ரத்தம் நாவல்பழ நிறத்தில் இறங்குகிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சேர்க்கும் ஆக்சிஜனேட்டரைக் கடந்து மற்றதில் போகும்போது செம்பருத்தி நிறம். நுரையீரல் ஒவ்வொரு மூச்சிலும் செய்கிற இந்த நிறமாற்றத்தை ஆயிரக்கணக்கான முறை பார்த்துவிட்டேன். இன்றும் அந்த முதல் சிவப்பு குழாயில் ஏறும்போது ஒரு நொடி கை நின்றுவிடுகிறது.

மகாதமனியில் கிளாம்ப் போட்டார்கள். இதயத்தை நிறுத்துவதற்கான, பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கார்டியோபிளீஜியா திரவம் இதயத்தின் சொந்தத் தமனிகளுக்குள் இறங்கியது. துடிப்பு தளர்ந்து, திரையில் கோடு நேரானது.

ஜான் கிப்பன் என்ற அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணருக்கு 1931-ல் பாஸ்டனில் ஒரு நோயாளியின் அருகே கண்விழித்திருந்த இரவில் இப்படி ஓர் இயந்திரம் வேண்டும் என்று தோன்றியது. மனைவி மேரியும் அவருமாகச் சோதனைக்கூடத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் 18 வயதுப் பெண் ஒருத்தியின் இதயத்தில் இருந்த ஓட்டையை அவர் அடைத்தபோது, அந்த இயந்திரம் முழுப் பொறுப்பையும் ஏற்றிருந்தது 26 நிமிடங்கள். அந்த 26 நிமிடங்களுக்குப் பின்னால் 22 ஆண்டுகள். ஏன் அத்தனை காலம் என்று படிக்கும்போது விளங்கவில்லை. அந்த அம்மாவின் அறுவை சிகிச்சையில்தான் விளங்கியது.

வால்வைப் பார்ப்பதற்காக ஆரிக்கிளை விலக்கிப் பிடித்தார்கள். அந்த இழுப்பில் ரத்தம் எடுக்கும் குழாய் உள்ளே எங்கோ மடங்கிவிட்டது. வெளியே எதுவும் தெரியாது. உடம்பிலிருந்து வரும் ரத்தம் சேரும் ரிசர்வாயரில் மட்டம் இறங்குவதை மட்டும் பார்த்தேன். அலாரம் அடித்தது. 600 மில்லி இருந்தது. நிமிடத்துக்கு 3 லிட்டர் என்றால் விநாடிக்கு 50 மில்லி; 12 விநாடிகளில் காலி. அதற்கு மேல் பம்ப் சுற்றினால் மூளைக்குப் போவது காற்று. வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, “சார், வரத்து இல்லை!” என்று கத்தினேன். டாக்டர் கையைத் தளர்த்தினார். நாவல்பழ நிறம் மறுபடியும் இறங்கத் தொடங்கியது. எல்லாம் சேர்த்து அரை நிமிடம்கூட இருக்காது. என் சட்டை நனைந்துவிட்டிருந்தது.

அன்றிலிருந்து இதயத்தை நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். அது ரத்தத்தைத் தள்ளும் பம்ப் என்றே எல்லோரும் சொல்கிறோம். தள்ளுவதை என் மோட்டாரும் செய்கிறது. மோட்டாருக்குத் தெரியாதது, வந்தது எவ்வளவு என்பது. இதயத் தசை வந்த ரத்தத்துக்கு ஏற்ப விரிந்து, விரிந்த அளவுக்கு ஏற்ற வலுவோடு சுருங்குகிறது. கூடுதலாக வந்தால் கூடுதலாக அனுப்பும், குறைந்தால் குறைத்துக்கொள்ளும். ஜெர்மனியின் ஓட்டோ ஃபிராங்கும் இங்கிலாந்தின் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் இதை நூறாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். மூளையிடம்கூட இதற்குக் கேட்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இதயத்தின் வலது பக்கம் இடது பக்கத்தைவிட ஒரு துடிப்புக்கு ஒரே ஒரு மில்லி அதிகமாக அனுப்புகிறது என்று வையுங்கள். 70 துடிப்பு வீதம் ஒரு மணி நேரத்தில் 4,200 மில்லி. அந்த அம்மாவின் உடம்பில் இருந்த ரத்தமே அவ்வளவு இருக்காது. அத்தனையும் நுரையீரலில் போய் நின்றிருக்கும். அப்படி நடக்காமல் இரண்டு பக்கமும் ஆயுள் முழுக்க ஒத்துப்போகின்றன. நானோ மட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

வெட்டி எடுத்த வால்வை டிரேயில் வைத்துக் காட்டினார்கள். வெற்றிலைக் காம்பு போலத் தடித்து, ஓரங்கள் ஒட்டி, நடுவில் பொத்தான் துளை அளவுக்கு ஒரு பிளவு. நல்ல வால்வின் இதழ் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியது. அதைத் தாங்கும் நாண்கள் வெள்ளை நூல் மாதிரி இருக்கும். இதில் அந்த நூல்களும் கயிறாகத் திரண்டிருந்தன.

செயற்கை வால்வைத் தைத்து முடித்து, உடம்பைச் சூடேற்றி, கிளாம்பை எடுத்தார்கள். வெதுவெதுப்பான ரத்தம் பொட்டாசியத்தைக் கழுவிக்கொண்டு போனது. சிறிது நேரம் வெறும் நடுக்கம். பிறகு ஒரு துடிப்பு. நீண்ட இடைவெளி விட்டு இன்னொன்று. பம்பை நான் சட்டென்று நிறுத்திவிட முடியாது. வரத்தை இதயத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட வேண்டும். 3 லிட்டரை 2 ஆக்கினேன். 1 ஆக்கினேன். ஒவ்வொரு முறையும் நான் விட்டதை அது எடுத்துக்கொண்டது. “பம்ப் ஆஃப்” என்று சொன்னபோது என் குரல் தடுமாறியது.

ஆறாம் நாள் மாலை, அடுத்த நோயாளியை அளக்க அதே வார்டுக்குப் போனேன். அவருடைய கேள்விக்கு இப்போது கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். இருமல் வந்தால் தையலை அணைத்துப் பிடிக்க நர்ஸ் கொடுத்த தலையணை அவர் மார்பின் மேல் இருந்தது. முதுகுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. மல்லாந்து படுத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை.