படம் ஓடுகிறது, ஒலி மட்டும் வரவில்லை: ஆண்ட்ராய்டில் கூடுதல் கோடெக்

மடிக்கணினியில் குறையின்றி ஓடும் ஓர் எம்கேவி கோப்பைக் கைப்பேசிக்கு மாற்றி எம்எக்ஸ் பிளேயர் என்னும் காணொளிச் செயலியில் திறந்தால், காட்சி தெளிவாக ஓட, ‘ஈஏசி3’ ஒலிக்கு ஆதரவில்லை என்ற அறிவிப்பு வருவதைப் பலர் கண்டிருப்பார்கள். கோப்பும் பழுதில்லை, ஒலிபெருக்கியும் பழுதில்லை. எம்கேவி என்பது காட்சி, ஒலி, சப்டைட்டில் ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டிய பொதி மட்டுமே. உள்ளிருக்கும் ஒலி டால்பி (ஈஏசி3 இதில் ஒன்று) அல்லது டிடிஎஸ் என்னும் நிறுவன ஒலி வகையாக இருந்தால், அதைப் பிரித்துத் தரும் நிரலான கோடெக்குக்கு உரிமம் வேண்டும். எம்பி3, ஏஏசி, ஓபஸ் போன்றவற்றை ஆண்ட்ராய்டே கையாள்கிறது. டால்பியும் டிடிஎஸ்ஸும் கைப்பேசித் தயாரிப்பாளர் உரிமம் பெற்றுச் சேர்த்தால்தான் உண்டு. எம்எக்ஸ் பிளேயரும் இந்த உரிமச் சிக்கலால்தான் அவற்றை நீக்கியது.

ஆனால் அந்தச் செயலி பயன்படுத்துவது எஃப்எஃப்எம்பெக் என்னும், யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய திறமூல நிரல் தொகுப்பு என்பதால், நீக்கப்பட்ட பகுதிகளையும் சேர்த்துத் தன்னார்வலர்கள் உருவாக்கித் தரும் ‘கஸ்டம் கோடெக்’ கோப்பை நாமே இணைத்துக்கொள்ள முடிகிறது. அமைப்புகளில் டிகோடர் பக்கத்தின் அடியில், ‘ஆர்ம்வி8 நியான்’ என்பதுபோல (சிப் வகையின் பெயர்), எந்த வகைக் கோப்பு தேவை என்று செயலியே காட்டும். கைப்பேசி 64 பிட் என்றாலும் நிறுவிய செயலி 32 பிட்டாக இருக்கக்கூடும் என்பதால், சிப்பின் விவரத்தைத் தேடுவதைவிட அங்கே காட்டுவதை நம்புவதே சரி. செயலியைப் புதுப்பித்தபின் பழைய கோடெக் பொருந்தாமல் போகலாம். அப்போது புதிய பதிப்புக்குரியதை மீண்டும் தேட வேண்டும்.

இவ்வாறு சேர்ப்பது அந்த ஒரு செயலிக்கு மட்டுமே உதவும். கேலரியில் அதே கோப்பு ஊமையாகவே இருக்கும். கைப்பேசி முழுமைக்கும் சேர்க்க ரூட் செய்து, அதாவது கைப்பேசியின் முழு அதிகாரத்தையும் திறந்து, இயங்குதளக் கோப்புகளைத் திருத்த வேண்டும். ஒரு படத்தின் ஒலிக்காக அவ்வளவு தூரம் போவது வீண்வேலை.

கோடெக்கை வெறும் துணைக்கோப்பாக எண்ணிவிடவும் கூடாது. ஆண்ட்ராய்டின் ஊடக நிரலில் இருந்து 2015-இல் வெளியான ஸ்டேஜ்ஃபிரைட் குறைபாடு, தீய நோக்குடன் தயாரித்த ஒரு காணொளியே கைப்பேசியைக் கைப்பற்றப் போதும் என்று காட்டியது. அதன்பின் ஆண்ட்ராய்டு 7-இல் ஊடகப் பணிகள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டன. ஆண்ட்ராய்டு 10 முதல் மென்பொருள் கோடெக்குகளை கூகுள் பிளே வழியாகவே புதுப்பிக்க முடிகிறது. கையால் சேர்த்த கோடெக்குக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்பதால், யார் தொகுத்தது என்று தெரியாத கோப்பை நான் தொடமாட்டேன்.

எம்எக்ஸ் பிளேயரின் சைகைகளுக்குப் பழகிவிட்டவர்களைத் தவிர மற்றவர்களுக்கு விஎல்சி என்னும் இலவசக் காணொளிச் செயலியையே பரிந்துரைப்பேன். அதை உருவாக்கும், பிரான்ஸிலிருந்து இயங்கும் வீடியோலேன் அமைப்பு, மென்பொருள் காப்புரிமையை அந்நாட்டுச் சட்டம் ஏற்பதில்லை என்ற நிலைப்பாட்டில், டால்பி, டிடிஎஸ் இரண்டையும் செயலிக்குள்ளேயே வைத்துத் தருகிறது.