பி.பி. 190/100: வைவாவில் நான் உளறிய பதில்

எம்.டி. மெடிசின் இன்டர்னல் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. "பக்கவாத நோயாளிக்கு ஆல்ட்டிப்ளேஸ் ஏத்தி முடிச்சிட்ட. ரெண்டு மணி நேரம் கழிச்சு பி.பி. 190/100. என்னப்பா செய்வ?" என்று கேட்டார் சார். நான் கொஞ்சமும் யோசிக்காமல் "220 வரைக்கும் விட்டுடலாம் சார்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

220/120 என்பது ஆல்ட்டிப்ளேஸ் போல ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தே போடாதவர்களுக்கு. மருந்து போடும் முன் 185/110-க்குக் கீழே கொண்டு வர வேண்டும், போட்ட பிறகு 24 மணி நேரம் 180/105-க்குக் கீழேயே வைத்திருக்க வேண்டும். எல்லாம் தெரிந்த எண்கள்தான், ஆனால் நான் எல்லாவற்றையும் ஒரே அட்டையில் எழுதி மனப்பாடம் செய்திருந்ததால் பதற்றத்தில் ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துவிட்டது.

காரணத்தோடு படித்தால் இந்தக் குழப்பம் வராது. அடைப்பு அப்படியே இருக்கும்போது பக்கக் குழாய்கள் வழியாக ரத்தம் போக அழுத்தம் உதவுகிறது, அதனால் விட்டுவைக்கிறோம். மருந்து போட்டபிறகு கதை வேறு. பட்டினி கிடந்து நலிந்துபோன குழாய்களுக்குள் ரத்தம் திரும்பப் பாய்கிறது, உறையும் திறனும் குறைந்திருக்கிறது, அந்த நேரத்தில் அழுத்தமும் ஏறினால் கசியத்தான் செய்யும். 1995-இல் வந்த என்.ஐ.என்.டி.எஸ். ஆய்வில் மருந்து போட்டவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு அறிகுறியோடு கூடிய மூளை ரத்தக்கசிவு வந்தது, போடாதவர்களில் 0.6 தான்.

அப்புறம் நான் செய்த உருப்படியான வேலை, ஒரு நைட் டியூட்டி முழுக்க அப்படி ஒரு நோயாளியின் பக்கத்திலேயே உட்கார்ந்து பி.பி. சார்ட் எழுதியது. மருந்து தொடங்கியதிலிருந்து முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, மிச்சம் 16 மணி நேரம் மணிக்கு ஒருமுறை. 8, 12, 16, மொத்தம் 36 கட்டம். கையால் போட்டுப் பாருங்கள், பிறகு மறக்காது. பி.பி. அளக்கக் கையில் கட்டும் பட்டையான கஃப்பை நான் எடுத்ததுமே சிஸ்டர், "ட்ரிப் ஓடுற கையில கட்டாதீங்க டாக்டர்" என்றார். நடுராத்திரியில் மேல் எண் 188 காட்டியது, நான் பி.பி.யைக் குறைக்கும் லாபெடலால் ஊசியைத் தேட, அவர் நோயாளியின் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்து யூரின் கேனை எடுத்து வந்தார். பத்து நிமிடத்தில் 170. வலி, நிறைந்த சிறுநீர்ப்பை, சின்ன கஃப் எல்லாமே பி.பி.யை ஏற்றிக் காட்டும். வைவாவில் "மறுபடி அளந்து, காரணம் பார்ப்பேன்" என்று தொடங்கினாலே சார் முகம் மாறும். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள், திரும்ப அளந்தும் ஏறியே இருந்தால் மருந்துதான்.

லாபெடலால் 10 மி.கி., நரம்பு வழியாக 1-2 நிமிடத்தில், பிறகு தேவைப்பட்டால் நிமிடத்துக்கு 2-8 மி.கி. சொட்டாக. ஆஸ்துமாவா, பல்ஸ் குறைவா என்று கேட்டுவிட்டு. முடியாதென்றால் நிகார்டிபின் மணிக்கு 5 மி.கி.யில் தொடங்கி ஒவ்வொரு முறையும் 2.5 கூட்டி அதிகபட்சம் 15. நாக்கடியில் நிஃபெடிபின் என்று மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள், அழுத்தம் தடாலென விழுந்துவிடும்.

"சரி, 140-க்கே இறக்கிடலாமே?" என்று அடுத்து மடக்குவார்கள். 2019-இல் வந்த என்சான்டட் ஆய்வைச் சொல்லுங்கள்: 130-140-க்கு இறக்கியதில் ரத்தக்கசிவு குறைந்தது, ஆனால் 90 நாள் கழித்து நோயாளியின் செயல்திறனில் வித்தியாசம் இல்லை.

திடீர்த் தலைவலி, வாந்தி, பி.பி. எகிறுதல், கை கால் பலவீனம் கூடுதல் இவற்றில் எது வந்தாலும் முதலில் ஓடும் ஆல்ட்டிப்ளேஸை நிறுத்து, பிறகு சி.டி. ஆஸ்பிரின் வழக்கமாக 24 மணி நேர சி.டி. பார்த்த பிறகுதான். இங்கே ஒரு குறுக்குக் கேள்வி வரும், எங்கள் பேட்ச்சில் இரண்டு பேர் இதில்தான் விழுந்தார்கள்: "டெனெக்டிப்ளேஸ் போட்டிருந்தா எதை நிறுத்துவ?" அதுவும் ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்துதான், ஆனால் கிலோவுக்கு 0.25 மி.கி., அதிகபட்சம் 25, ஒரே தள்ளலில் உள்ளே போய்விடும். நிறுத்த ஒன்றும் இருக்காது, நேராக சி.டி.க்கு ஓட வேண்டியதுதான்.